வளரும் பிள்ளைக்குப் பெரிய சேசிஸா?

ஆசிரியருக்கு,

‘அடுத்த வருடமும் ஆகுமே’ என்று செருப்பு எடுப்பதுபோல் பிள்ளைக்குக் கோ-கார்ட் எனும் சிறு பந்தய வண்டியின் சேசிஸ் (அடிச்சட்டம்) வாங்கும் பெற்றோர் கவனிக்க. சிறுவர் வண்டியின் முன்பின் சக்கர இடைவெளி 950 மி.மீ.; அடுத்த பிரிவான ஜூனியருக்குச் சுமார் 1,040. எடை குறைந்த பிள்ளையால் பெரிய சட்டத்தை வளைக்க முடியாது. சட்டம் வளையாவிட்டால் திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரம் எழும்பாது. பின் அச்சு ஒரே தண்டு, இரு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும் என்பதால் வண்டி திரும்பாமல் நேரே தள்ளும். பெரிய சீட்டில் பஞ்சு அடைப்பதும் வேண்டாம், விலா எலும்புதான் அடிபடும். சீட்டை உடம்புக்கேற்ப மாற்றுங்கள். பெடலை முழுக்க முன்னே தள்ளியும் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தால் பெரிய சேசிஸுக்கு மாறலாம். பழைய சேசிஸ் வாங்குவதென்றால் கவிழ்த்துப் பாருங்கள்: அடிக்குழாய் தேய்ந்து தட்டையாகியிருக்கிறதா, வெல்டிங்கில் கீறல் உண்டா? புதுப் பெயின்ட் பளபளத்தால் இன்னும் உற்றுப் பாருங்கள்.

– கார்ட் மெக்கானிக்குகள் சிலர், கோவை