லயத்து அத்திவாரத்தில் கிடைத்த தேய்ந்த நாணயங்களை மலையகத்திலேயே பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மேற்பிரிவு லயக் குடியிருப்பாளர்கள்,
பொகவந்தலாவை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
நுவரெலியா மாவட்டம்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

எங்கள் பிரிவில் தனி வீட்டுத் திட்டத்துக்காகப் பழைய லயமொன்றை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) இடித்து அத்திவாரம் வெட்டியபோது, ஒரு காம்பராவின் (லய அறையின்) அடுப்படிக்குக் கீழே துணி சுற்றிய பித்தளைச் செம்பு ஒன்று கிடைத்தது. உள்ளே 300க்கும் மேற்பட்ட நாணயங்கள் இருந்தன. அன்றைக்கே கிராம உத்தியோகத்தரிடம் வாயால் சொன்னோம். இப்போது எழுத்தில் தங்களிடம் வருகிறோம்.

நாணயங்களில் பெரும்பாலானவை தேய்ந்துபோனவை. எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவர் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நேராகப் பார்த்தால் மொட்டையாகத் தெரிந்தவற்றில்கூட எழுத்தின் தடம் வந்தது. விக்டோரியா மகாராணியின் தலை ஒரு பக்கமும் மரம் மறுபக்கமுமாக 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புச் சதங்கள் நிறைய இருக்கின்றன. 1872இல் இலங்கைக்கு ரூபாய், சதக் கணக்கு வந்தபோது புழக்கத்துக்கு வந்தவை அவை. பழைய இந்திய வெள்ளி ரூபாய்கள் கொஞ்சம். சதுர ஐந்து சதங்கள், ஆறாம் ஜோர்ஜ் காலத்து நெளிவிளிம்புப் பத்துச் சதங்கள். ஆண்டு வாசிக்க முடிந்தவற்றில் கடைசியானது 1951. அப்புறம், இரண்டு பக்கமும் வழவழவென்று, ஒரு கோடுகூடப் பிடிபடாத செப்புக் காசுகள் சில. இவை ஒல்லாந்தர் காலத்தவை என்று வயதானவர்கள் சொல்கிறார்கள். அதைத் தீர்மானிக்க வேண்டியது நிபுணர்கள்தான்.

செய்தி பரவியதும் டவுனிலிருந்து ஒரு வியாபாரி வந்து, எடைக்கு விலை பேசினார். தேய்ந்த காசைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை, உருக்கினால்தான் காசு என்பது அவர் கணக்கு. இந்திய வெள்ளி ரூபாய் ஒன்று அச்சிடும்போது 11.66 கிராம். பாடசாலைத் தராசில் வைத்தபோது எங்களிடம் இருப்பவை எல்லாமே அதற்குக் குறைவாகத்தான் நின்றன. வியாபாரிக்கு அந்தக் குறை நட்டம். எங்களுக்கு, அந்த வெள்ளி கைமாறிக் கைமாறி உழைத்து வாழ்ந்த மனிதர்களிடம் கரைந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

1929இல் சட்டப்படி வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஒரு கொழுந்துக்காரியின் முழுப் பேரை, அதாவது முழு நாட்சம்பளத்தை, இந்தச் செம்பிலிருந்தே எண்ணி வைக்கலாம்: ஓர் இருபத்தைந்து சதம், ஒரு பத்துச் சதம், ஒரு சதுர ஐந்து, மூன்று செப்புச் சதம். எங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து அப்படி எண்ணிக் காட்டினோம். பாட்டிமாரின் நாட்சம்பளத்தை அவர்கள் கையில் வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அரிசிக்கும் கடனுக்கும் போக மிச்சம் பிடித்துத்தான் யாரோ ஒருவர் இந்த 300 சொச்சத்தைச் சேர்த்திருக்கிறார்.

1951 என்ற ஆண்டும் எங்களுக்குச் சும்மா ஓர் எண் இல்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல், எங்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இந்த லயங்களிலிருந்து கப்பலேறின. செம்பை வைத்தவரும் அதில் ஒருவராக இருக்கலாம் என்று இங்கே எல்லாரும் நினைக்கிறோம்.

ஆரம்பத்தில் எல்லாரும் ஒரே கருத்தில் இருக்கவில்லை. வீட்டுக்கு இத்தனை என்று பகிரலாம் என்றார்கள் சிலர். வெள்ளியை உருக்கி அம்மனுக்கு அங்கி செய்யலாம் என்றது கோயில் கமிட்டி. அது நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் உருக்கிவிட்டால் ஆண்டும் போய்விடும், தேய்மானமும் போய்விடும் என்று பேசி, ஒன்றையும் பிரிப்பதில்லை என்று கூட்டத்தில் முடிவெடுத்தோம். புளி, சாம்பல், பிராசோ பொலிஷ் எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது என்றும் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறோம். களிம்பை உரித்தால் மிச்ச எழுத்தும் அதோடு உரிந்துவிடும்.

இதில் ஒரு பயமும் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறோம். புதையல் தோண்டியதாகப் பொலிஸில் மாட்டிக்கொள்வோமோ என்று, செம்பை எடுத்த இரண்டு இளைஞர்களின் வீட்டார் தூக்கமில்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் வெட்டியது அனுமதி பெற்ற வீட்டின் அத்திவாரம். அன்றே அறிவித்தும் விட்டார்கள். இதைத் தாங்கள் எழுத்தில் பதிவுசெய்து, அவர்களுக்கு ஒரு கடிதம் தர வேண்டும். எங்கள் முதல் கோரிக்கை இதுதான்.

அடுத்து, தொல்பொருளியல் திணைக்கள அதிகாரி ஒருவரை வரவழைத்து, எங்கள் கண்முன்னே நாணயங்களை எண்ணி, எடை போட்டு, படமெடுத்துப் பட்டியலிட வேண்டும். பட்டியலின் பிரதி ஒன்று தமிழில் எங்களுக்கு வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே தொல்பொருள் என்கிறது. அந்த மொட்டைச் செப்புக் காசுகள் அதற்குள் வந்தால் அரசிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம். எந்தத் தோட்டத்து லயத்தில் கிடைத்தவை என்பது மட்டும் அவற்றோடு எழுதப்பட வேண்டும்.

மற்றவை அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்பவை. அவற்றை ஏலம் விடவோ கொழும்புக் களஞ்சியமொன்றில் பூட்டி வைக்கவோ வேண்டாம். செம்பு, துணி, நாணயம் எல்லாம் ஒன்றாக மலையகத்திலேயே இருக்கட்டும். பொகவந்தலாவையில் கண்ணாடிப் பெட்டியும் காவலும் உள்ள பொது இடமொன்று கிடைத்தால் மிகவும் நல்லது. கிடைக்காவிட்டால், கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்திலேயே இயங்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துடன் தாங்கள் பேச வேண்டும். தோட்ட நிர்வாகம் தன் நிலத்தில் கிடைத்தது என்று உரிமை கேட்டால், முடிவெடுக்கும் முன் எங்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

செம்பு இப்போது கோயில் பெட்டகத்தில், கமிட்டியின் இரண்டு சாவிகளுக்குள் இருக்கிறது. மழை தொடங்கிவிட்டது, பெட்டகத்தில் ஈரம் ஏறுகிறது, ஆகவே தாமதிக்க வேண்டாம். அதிகாரி வரும் நாள் ஞாயிறாக இருந்தால் கொழுந்துக்குப் போகிறவர்களும் நிற்க முடியும். திகதியைக் கிராம உத்தியோகத்தர் மூலம் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
மேற்பிரிவு லயக் குடியிருப்பாளர்கள் சார்பில்,
கோயில் கமிட்டியினரும் மாதர் சங்கத்தினரும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)