விதைக்கும் முன் நிறுத்துப் பார்

பாப்பாவுக்கு,

விதைப்புக் கருவி வந்து இறங்கிவிட்டதாக மாப்பிள்ளைதான் சொன்னார். நாலு ஏக்கரிலும் அதிலேயே சோளம் போடப் போகிறாயாம். போடு. முதலில் கருவி கொட்டும் விதையை நிறுத்துப் பார்.

கருவியின் சக்கரம் சுற்றச் சுற்றத்தான் விதை விழும். அதன் குறுக்களவு 60 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 188 செ.மீ. ஓடும். 45 செ.மீ. இடைவெளியில் மண்ணைக் கீறும் கொழு ஐந்து, ஆக அகலம் 225 செ.மீ. 20 சுற்றுக்கு இரண்டு சென்ட்டும் கொஞ்சமும் விதைக்கும். ஏக்கருக்கு 4 கிலோ கணக்கில் 84 கிராம் விழ வேண்டும். கருவியைத் தூக்கி நிறுத்தி, விதை இறங்கும் குழாய்க்கு ஒரு பையாகக் கட்டி, சக்கரத்தைக் கையால் 20 சுற்று சுற்று. ஐந்து பையையும் தனித்தனியே நிறு. மொத்தம் சரியாக வந்தும் ஒரு குழாய் பாதிதான் கொட்டியிருக்கும். அது முளைத்த பிறகுதான் கண்ணில் படும், அதற்குள் ஈரம் போயிருக்கும். வயலில் சக்கரம் சறுக்கும் இடத்தில் விதை இன்னும் குறையும். கருவி மண்ணுக்குள் இருக்கும்போது டிராக்டரைப் பின்னால் எடுத்தால் கொழு வாயெல்லாம் மண் அடைக்கும். மாப்பிள்ளையிடம் ரெண்டு தரம் சொல்.

புதுக் கருவி என்றாலே அப்பாவுக்கு ஆகாது என்று நினைக்காதே. நீ துணிந்து வாங்கியதில் எனக்குப் பெருமைதான். வெள்ளைக்காரன் காலத்தில் டெனிசன் மதராஸ் கவர்னராக இருந்தபோது இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை வரை தருவித்தார்கள், சோதிக்க 1865இல் சைதாப்பேட்டையில் பண்ணையே வைத்தார்கள். சோதித்ததில் தப்பில்லை. ஆனால் குடியானவனிடம் இருந்தது ஒரு சோடி மாடு, கனத்த இரும்புக் கலப்பையை அது எங்கே இழுக்கும்? இந்திய விவசாயத்தைப் பார்த்துவிட்டுப் போன இங்கிலாந்து வேளாண் வேதியியலாளர் வோல்க்கரின் 1893 அறிக்கையும் நாட்டுக் கலப்பைக்குப் பரிந்துதான் எழுதியது.

அதனால் அரை ஏக்கரைக் கை விதைப்புக்கு விடு. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் கோதுமை போடும் வயலில் ஒரு துண்டுக்கு இன்றுவரை உரமே கிடையாது. அது இருப்பதால்தான் மற்றத் துண்டுகளில் உரம் என்ன செய்தது என்று தெரிகிறது. உனக்கும் ஒப்பிட ஒன்று வேண்டாமா? அதே நாள், அதே விதை, அதே எரு. வரப்போரம் வேண்டாம், நிழலும் மிதியும் கணக்கைக் கெடுக்கும். நடுவில், நீளவாக்கில் விடு.

போன போகம் எத்தனை மூட்டை என்று நீ எழுதவே இல்லை. மாப்பிள்ளையும் பேச்சை மாற்றிவிட்டார். கருவிக்குப் பணம் எப்படிப் புரட்டினாய் என்றும் நான் கேட்கவில்லை.

திரும்பவும் சொல்கிறேன், நாலு ஏக்கரிலும் இறக்காதே. ஐந்து பையின் எடையையும் எழுதி அனுப்பு. அந்தத் தாளிலேயே மூட்டைக் கணக்கையும் எழுதிவிடு, குறைவாக இருந்தாலும்.

அப்பா