அந்தச் சண்டையில் நீ சொன்னதே சரி

அன்புள்ள கல்பனாவுக்கு,

நலம், உன் வீட்டாரும் நலமென நம்புகிறேன். நீ ஆடியில் எழுதிய கடிதத்துக்குத் தை பிறந்த பிறகு பதில் எழுதுவது எனக்கே உறுத்துகிறது, மன்னித்துக்கொள். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவளுக்கு வரன் முடிவாகிவிட்டது. சுசீலா வழக்கம்போல் எல்லோரிடமும் கோபித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்றே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. விடுதி மாடியறையில் கனடாப் பாடகன் பால் அங்காவின் பொருட்டு நாம் நான்கு நாள் பேசாமல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? உன் அண்ணனின் எல்.பி. இசைத்தட்டில் அவனுடைய 'டயானா' பாட்டைக் கேட்டுவிட்டு, இது பதினைந்து வயதுப் பையனின் குரலே அல்ல என்று நீ சாதித்தாய். பொறாமையில் பேசுகிறாய் என்று நான் கத்தினேன். கல்பனா, நீ சொன்னதுதான் சரி.

பொங்கலுக்குக் கனடாவிலிருந்து வந்த தங்கை மகன், அங்கா பிறந்த ஒட்டாவாவிலேயே ஒரு பழைய பொருள் கடையில் வாங்கிய 45 சுற்று இசைத்தட்டை எனக்கென்று கொண்டுவந்தான். கறுப்பு லேபிளில் ஏபிசி-பாரமவுண்ட் என்ற நிறுவனத்தின் பெயர். ஒரு பக்கம் 'டயானா', மறுபக்கம் 'டோன்ட் கேம்பிள் வித் லவ்'. நடுத்துளை பெரியதாக இருந்ததால் நம் பிளேயரில் தட்டு நிற்காமல் ஆடியது. அதற்குரிய வளையத்தைத் தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்க இரண்டு நாளாயிற்று. முள்ளை வைத்ததும் கரகரப்புக்கு நடுவே சாக்ஸபோன் துள்ளியெழுந்தது. அடுத்து வந்த குரலைக் கேட்டுக் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நாம் மனப்பாடமாக வைத்திருந்த குரல் அதுவன்று. சற்றே மூக்கடைத்த, மேலே எட்டும்போது உந்தி எழும்புகிற, மீசை அரும்பாத ஒரு பையனின் குரல் அது.

நடந்தது இதுதான். 1957-இல் அங்கா தான் எழுதிய பாடல்களோடு நியூயார்க்குக்குப் போய், ஏபிசி-பாரமவுண்டின் தயாரிப்பாளர் டான் கோஸ்டாவின் முன் பியானோவில் வாசித்துக் காட்டி, பிறகு பதிவு செய்த பாடல் அது. பையன் சிறுவன் என்பதால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பெற்றோரை வரவழைக்க வேண்டியிருந்தது. அது பிரிட்டனில் 9 வாரம் முதலிடத்தில் நின்றது. பிறகு அவன் ஆர்.சி.ஏ. விக்டர் என்ற வேறு நிறுவனத்துக்கு மாறியபோது பழைய வெற்றிப் பாடல்களையெல்லாம் மறுபடி பாடிப் பதிவு செய்து, 1963-இல் '21 கோல்டன் ஹிட்ஸ்' என்ற தட்டாக வெளியிட்டார்கள். நாம் தேய்த்துத் தீர்த்தது அதைத்தான் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. 'லோன்லி பாய்', 'புட் யுவர் ஹெட் ஆன் மை ஷோல்டர்' எல்லாமே நாம் கேட்டது இரண்டாம் முறை பாடியவை.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நீ கேட்பாய். தன்னைவிட மூத்த, ஒட்டாவாவில் தான் அறிந்த ஒரு பெண்ணை நினைத்து எழுதிய பாட்டு அது. நான் இவ்வளவு சிறியவன், நீ பெரியவள் என்றுதான் தொடங்குகிறது. பதினைந்து வயதில் அந்த வரி அவனுடைய உண்மையான துன்பம். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்று தெரிந்தே கெஞ்சுகிறான். இருபது வயது தாண்டி, கச்சேரிகளில் பழகிய குரலில் அதே வரியைப் பாடும்போது சுருதி சுத்தமாக இருக்கிறது, துன்பத்தைக் காணோம். நம் தட்டில் நீ உணர்ந்த குறை இதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல அன்று உனக்கு வார்த்தை கிடைக்கவில்லை, எனக்குக் கேட்கப் பொறுமை இல்லை.

அதற்கும் முந்தைய தட்டு ஒன்று உண்டு. 1956-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்.பி.எம். நிறுவனத்துக்காக 'ஐ கன்ஃபெஸ்' என்று பாடினான், யாரும் வாங்கவில்லை. அதன் மறுபக்கப் பாட்டின் தலைப்பு, எழுத்தாளர் ஜான் பக்கனின் நாவலில் வரும் நாக்கு சுளுக்கும் தென்னாப்பிரிக்க ஊர்ப்பெயரிலிருந்து எடுத்தது. பள்ளிப் பையன் வேறு எங்கிருந்து எடுப்பான்!

அமெரிக்க ராக் பாடகர் பட்டி ஹாலிக்காக அவன் எழுதிய 'இட் டஸின்ட் மேட்டர் எனிமோர்' பாட்டையும் நேற்றிரவு மறுபடி கேட்டேன். ஹாலி அதை 1958 அக்டோபரில் பதிவு செய்தார். 1959 பிப்ரவரி 3-இல் விமான விபத்தில் இறந்தார், அப்போது அவருக்கு 22 வயது. தனக்கு வரவேண்டிய ராயல்டியை அங்கா ஹாலியின் மனைவிக்கே கொடுத்துவிட்டான். அப்போது அவனுக்கு 18 வயதுகூட நிரம்பவில்லை. நம் ராகவன் சாரின் மறைவுக்குப் பிறகு நாமெல்லாம் செய்யத் தவறியதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் விழித்திருந்தேன். டீச்சரம்மாவை இந்த மாதமாவது நாம் சேர்ந்து போய்ப் பார்த்தாக வேண்டும். எந்த நாள் என்று நீயே குறித்துச் சொல்.

உன் அண்ணன் வீட்டுப் பரணில் அந்த எல்.பி.யின் உறை இன்னும் இருந்தால், பின்பக்கத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்து எழுது. வரும்போது தட்டையும் கையோடு கொண்டுவா. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்போம். வளையத்தை மாசி வரை திருப்பித் தர வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
ரேவதி