மருமகன் குடிவரும் வீடு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நாவல் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய மாளிகை, பூட்டிய அறை, இரவில் கேட்கும் காலடி என்று போகும் கோதிக் வரலாற்று மர்ம நாவல்களைப் 'பேய்க்கதை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறீர்கள். விடாமல் வாசிக்கிறவள் சொல்கிறேன்: அவற்றில் பேய்க்கு வேலை குறைவு, காணி உறுதிக்குத்தான் வேலை அதிகம்.

இந்த வகையின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'ஒட்ராண்டோ கோட்டை' 1764இல் வந்தது. எழுதியவர் ஹொரேஸ் வால்போல். அதில் ராட்சதத் தலைக்கவசம் விழுந்து மணமகன் நசுங்கிச் சாகிறான். கடைசியில் பார்த்தால், கோட்டையை ஆள்பவனின் பாட்டன் உரிமைக்காரனுக்கு நஞ்சு வைத்து, கள்ள உயில் காட்டி அதைப் பிடித்தவன். 1794இல் ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோ மர்மங்கள்' இன்னும் நேரடி. பயமுறுத்தியவற்றுக்கெல்லாம் பின்னால் சாதாரண விளக்கம் வந்துவிடும். வில்லனுக்கு வேண்டியது சொத்தை எழுதித்தரும் ஒரு கையெழுத்து. 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குள்தான். முன்பின் தெரியாத வீட்டுக்குள் வாழப்போனவளுக்கு வந்த பயம் வெறும் கற்பனையா?

சரி, நம் பக்கம் வாருங்கள். இங்கே தமிழரிலும் முஸ்லிம்களிலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. பெண் எங்கும் போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுகிறான். பெற்றோர் அதே வளவில் சின்ன வீடு கட்டி ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. அப்படியானால் அந்நிய வீட்டில் இரவில் விழித்துக் கிடப்பவன் மருமகன். பூட்டிய பெட்டகத்தின் திறப்பு மாமியின் இடுப்பில். அவனுக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு என்ன நடந்தது? இங்கிலாந்துக்காரரால் எழுத முடியாத கோதிக் இது. எனக்கு இதை வாசிக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

எழுதினால் புளியந்தீவுக் கோட்டையை அவசரப்பட்டு இழுத்து வராதீர்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த இடம்தான். ஆனாலும் நெடுங்காலம் கச்சேரி என்ற அரச அலுவலகம் நடந்த கட்டடத்தில் எங்களுக்கு வருவது பயமல்ல, கொட்டாவி. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனையும் முதல் அத்தியாயத்திலேயே பாட வைக்க வேண்டாம். கதை 1924க்கு முந்தியது என்றால் கல்லடிப் பாலத்தில் யாரையும் நடத்தாதீர்கள், தோணியில் ஏற்றுங்கள். அப்புறம், காணி உறுதியின் திகதி பிழைக்கக் கூடாது. என்னைப் போன்றவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு வாசகி ஒருத்தி