ஊரைப் பார்த்து மொழியை முடிவுசெய்யாதீர்கள்: இணையத்தளம் வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் சேவைத் தளங்களையும் செயலிகளையும் வடிவமைக்கும் குழுக்களுக்கும், அவற்றில் எந்த மொழி முதலில் தோன்ற வேண்டும் என்று முடிவெடுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

ஓசூரில் பதினோரு ஆண்டுகளாக இணைய சேவைக் கடை நடத்தி வருகிறேன். ரயில் முன்பதிவு, மின் கட்டணம், கல்லூரி விண்ணப்பம், வருங்கால வைப்பு நிதி, காப்பீட்டுத் தவணை என்று ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் கையில் திறன்பேசி இருக்கிறது, அதில் இணைய வசதியும் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே முடித்துக்கொள்ளக்கூடிய வேலைக்காக வெயிலில் வந்து, வரிசையில் நின்று, இருபதும் முப்பதும் ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஏன் என்று பலரிடமும் கேட்டிருக்கிறேன். “என்ன எழுதியிருக்குன்னே புரியலைங்க” என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். தினமும் நாளிதழ் படிப்பவர்கள். அவர்கள் படிக்கும் மொழியில் உங்கள் தளம் திறக்கவில்லை என்பதே விஷயம்.

சென்ற ஆண்டு குடும்ப ஓய்வூதியம் பெறும் ஓர் அம்மா வந்தார். வங்கிக் கணக்கு விவரத்தை ஒரு தளத்தில் திருத்த வேண்டும். தம் கைப்பேசியில் முயன்றபோது அது கன்னடத்தில் திறந்ததாகச் சொல்லி, அந்தத் திரையை அப்படியே என்னிடம் நீட்டினார். அவருக்குக் கன்னடம் பேசினால் புரியும், ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. என் கடைக் கணினியில் அதே தளத்தைத் திறந்தேன், இந்தியில் வந்தது. என் உலாவியில் தமிழைத்தான் முதல் மொழியாக வைத்திருக்கிறேன். தளத்தில் தமிழே இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாற்ற வழி தேடிக் கடைசி வரை கீழே இறங்கினால், அங்கே சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் ஒரு மொழிப் பட்டியல் இருந்தது. அதில் ரோமன் எழுத்தில் தமிழும் இருந்தது. தட்டினேன், நல்ல தமிழில், பிழையில்லாமல், முழுப் பக்கமும் வந்தது. யாரோ உழைத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள், யாரோ அதற்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தமிழ் யாருக்காக எழுதப்பட்டதோ, அந்த அம்மாவுக்கு மட்டும் அது இருப்பதே தெரியவில்லை.

கன்னடம் எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. பயனரின் இணைய இணைப்பைக் குறிக்கும் எண்ணான ஐ.பி. முகவரியைக் கொண்டு அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று உங்கள் வழங்கி (சர்வர்) ஊகிக்கிறது. அந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்த்து மொழியைத் தேர்ந்துவிடுகிறது. ஆனால் கைப்பேசி நிறுவனங்கள் ஒரு பெரும் வட்டாரத்தின் இணையப் போக்குவரத்து முழுவதையும் ஏதோ சில நகரங்களில் உள்ள நுழைவாயில்கள் வழியாகத்தான் வெளியே அனுப்புகின்றன. உங்களுக்குத் தெரிவது அந்த நுழைவாயிலின் ஊரே தவிர, ஆள் இருக்கும் ஊர் அல்ல. ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் நாற்பது கிலோமீட்டர். இங்கே இருப்பவர் அங்கே இருப்பதாகத் தெரிவதில் வியப்பில்லை. சென்னையில் இருப்பவரின் அலுவலக இணைப்பு மும்பை வழியாக வெளியேறினால் அவருக்கும் இதே கதிதான்.

ஊரைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நீங்கள் எண்ணக்கூடும். தீராது. என் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவருக்கு வீட்டில் தெலுங்கு, பள்ளியில் படித்தது தமிழ்வழி, வாடிக்கையாளர்களில் பாதிப் பேரோடு பேசுவது கன்னடம். தெலுங்கோ கன்னடமோ அவரால் படிக்க முடியாது. ஆகவே ‘தாய்மொழி’ என்ற கட்டத்தில் அவர் உண்மையைச் சொன்னால், படிக்க முடியாத பக்கம்தான் அவருக்குக் கிடைக்கும். சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஒடிசா இளைஞர்கள் மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்ப வருகிறார்கள். தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்காக அவர்கள் முன்னால் தமிழை வைப்பதும் தவறுதான், வடக்கிலிருந்து வந்தவர்கள் என்பதற்காக இந்தியை வைப்பதும் தவறுதான். அவர்களுள் ஒருவர் ஒருமுறை ஒடியா எழுத்தில் தம் பெயரை எழுதிக் காட்டி, “இதில் வருமா?” என்று கேட்டார். வரும் என்றால் அந்தப் பையனின் முகம் எப்படி மலர்ந்திருக்கும்! அந்தத் தளத்தில் ஒடியா இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் சீரமைக்கப்பட்ட பிறகும் எல்லையோர ஊர்கள் ஒருமொழி ஊர்களாகிவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 6.9 கோடிப் பேர். அவர்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கர்நாடகத்தில் வாழ்பவர்கள். மாநிலத்துக்கு ஒரு மொழி என்று உங்கள் அட்டவணையில் எழுதிவைத்த ஒரே ஒரு வரி, இத்தனை பேரை இல்லாதவர்களாக்கிவிடுகிறது. கடல் தாண்டினாலும் இதே கதைதான்: இலங்கையில் சிங்களத்தோடு தமிழும் ஆட்சிமொழி, சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. மொழியைக் குறிக்க ஒரு நாட்டின் கொடியைப் போடும் தளங்கள், தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவதாக இருக்கின்றன?

நான் கேட்பது புதிய கண்டுபிடிப்பு எதையும் அல்ல. ஒவ்வொரு முறை ஒரு பக்கத்தைக் கோரும்போதும், அந்தக் கோரிக்கையோடு ‘அக்செப்ட்-லேங்குவேஜ்’ என்ற தலைப்பு வரியையும் உலாவி அனுப்புகிறது. இவருக்கு முதலில் தமிழ் வேண்டும், அது இல்லையென்றால் ஆங்கிலம் என்று வரிசை முறையோடு, ஒன்றுக்கும் சுழியத்துக்கும் இடைப்பட்ட எண்களால் முன்னுரிமையையும் குறித்து அந்த வரி சொல்கிறது. உலாவியும் தளமும் பேசிக்கொள்ளும் முறையை வகுத்து 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 வரையறையிலேயே இது இருக்கிறது, 2022இல் திருத்தி வெளியிட்ட வரையறையிலும் இருக்கிறது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பயனரின் உலாவி உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டு, அவருடைய ஐ.பி. முகவரியை வைத்து நீங்கள் குறி பார்க்க வேண்டிய தேவை என்ன?

இதில் ஓர் எச்சரிக்கையையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். உலாவி தமிழ் என்று சொன்னால் தயங்காமல் நம்புங்கள், ஏனென்றால் பெரும்பாலும் யாரோ ஒருவர் வேண்டுமென்றே அதைத் தேர்ந்திருப்பார். ஆங்கிலம் என்று சொன்னால் அப்படி நம்பாதீர்கள். எங்கள் ஊரில் கைப்பேசி வாங்கும்போது கடைப் பையனே பெட்டியைப் பிரித்து, சிம் போட்டு, மொழி கேட்கும் திரையில் ஆங்கிலத்தைத் தட்டிவிட்டுக் கையில் கொடுக்கிறான். வாங்கியவர் அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை. இப்படி யாரும் கேட்காமல் வந்துசேர்ந்த ஆங்கிலத்தை அவருடைய விருப்பம் என்று உங்கள் புள்ளிவிவரம் எழுதிக்கொள்கிறது. ஆகவே ஆங்கிலம் என்ற விடை வரும்போது, ஒரே ஒருமுறை, திரையின் மேற்பகுதியில், பக்கத்தை மறைக்காமல் கேளுங்கள். பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது மறுபடியும் கேட்காதீர்கள்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். 2024 நவம்பரில் எல்.ஐ.சி. இணையத்தளத்தின் முகப்பு இந்தியில் தோன்றியபோது தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்ததும், தொழில்நுட்பக் கோளாறு என்று நிறுவனம் விளக்கம் தந்து சரிசெய்ததும் நினைவிருக்கும். அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சுட்டிக்காட்டிய ஒரு செய்தி வடிவமைப்பாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது: ஆங்கிலத்துக்கு மாறுவதற்கான தெரிவுகூட இந்தியில்தான் இருந்தது. ஒரு மொழி தெரியாதவர் அந்த மொழியிலிருந்து வெளியேறும் வழியை அதே மொழியில் எழுதிவைத்தால் அவர் எப்படி வெளியேறுவார்? பட்டியலில் தமிழ் என்பது ‘தமிழ்’ என்றே தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். கன்னடம் கன்னட எழுத்தில், ஒடியா ஒடியா எழுத்தில். தேவைப்படுபவரின் கண் தன் எழுத்தைத் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஒன்றிய அரசுத் தளங்களை வடிவமைப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: ஒன்றிய அலுவலகங்களில் இந்திப் பயன்பாட்டை வகுக்கும் 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்றே தொடங்குகின்றன.

கேட்காமல் திருப்பிவிடுவது தவறு என்பதை வேறு இடங்களில் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். 2018 டிசம்பர் 3 முதல் பொருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி ஒன்று, வாடிக்கையாளரின் குடியுரிமையையோ வசிப்பிடத்தையோ காரணமாகக் கொண்டு, அவருடைய வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் தளத்தின் வேறொரு பதிப்புக்கு அவரைத் திருப்பிவிடக் கூடாது என்கிறது. ஒப்புதல் தந்த பிறகும், அவர் முதலில் தேடி வந்த பதிப்பை எளிதில் எட்டும்படி வைத்திருக்க வேண்டும் என்கிறது. அது வணிகத்தை முன்னிட்டு எழுந்த விதி, மொழிக்கானது அல்ல. ஆனாலும் அதன் அடிப்படை நமக்கும் பொருந்தக்கூடியதே.

மொழியை மாற்றிய பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். பொறியியல் சேர்க்கைக்கு ஒரு தளத்தில் விண்ணப்பித்த மாணவி, அப்பாவுக்கும் புரியட்டும் என்று நான்காவது பக்கத்தில் ‘தமிழ்’ பொத்தானைத் தட்டினாள். தளம் முகப்புக்குத் திரும்பிவிட்டது. அதுவரை நிரப்பிய மூன்று பக்கங்களும் போய்விட்டன. அவளும் அவள் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “தெரியாம அமுத்திட்டேன் அப்பா” என்று அவள் மன்னிப்புக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் தெரிந்துதான் அமுக்கினாள், சரியாகத்தான் அமுக்கினாள். மொழியை மாற்றினால் அதே பக்கம் புதிய மொழியில், நிரப்பிய விவரங்களோடு வர வேண்டும். பணம் செலுத்தும் பக்கமும், ஓ.டி.பி. குறுஞ்செய்தியும், கடைசியில் வரும் ரசீதும் அதே மொழியில் தொடர வேண்டும். மூன்று நிமிடத்தில் காலாவதியாகும் எண்ணைப் புரியாத மொழியில் அனுப்பினால், அதைப் படித்துக்காட்ட ஆள் தேடி முடிவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

“தமிழ்ப் பதிப்பை யாரும் பயன்படுத்துவதில்லை” என்று உங்கள் கூட்டங்களில் புள்ளிவிவரம் காட்டப்படும் என்பதை அறிவேன். அந்த எண்ணிக்கை எப்படி உருவாகிறது என்பதை என் கடையிலிருந்து பார்க்கிறேன். கணக்கில் உள்ள இருப்பைக் காட்டும் இடத்தில் ‘சமநிலை’ என்றும், முகப்புக்குச் செல்லும் பொத்தானில் ‘வீடு’ என்றும், பயணச்சீட்டு முன்பதிவுக்கான பொத்தானில் ‘இப்போது புத்தகம்’ என்றும் இருந்த தளங்களை நானே கண்டிருக்கிறேன். இயந்திரம் மொழிபெயர்த்ததைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒருமுறை வாசித்திருந்தால் இவை வெளியே வந்திருக்க வாய்ப்பில்லை. பணம் போகும் இடத்தில் ‘சமநிலை’ என்று கண்டவர் பயந்துபோய் ஆங்கிலத்துக்குத் திரும்புகிறார். அந்த ஒரு தட்டல், ஆங்கிலத்தை விரும்புபவர்களின் கணக்கில் சேர்கிறது.

இன்னொரு செய்தி கண்ணுக்குத் தெரியாதது. பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் திரைவாசிப்பான் நிறுவிய மடிக்கணினியோடு வருவார். ஒரு தளத்தின் தமிழ்ப் பக்கத்தில் அவருடைய மென்பொருள் ஆங்கிலக் குரலில் திணறியது. பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். உள்ளடக்கம் முழுவதும் தமிழ், மொழியைக் குறிக்கும் ‘லேங்’ பண்பில் மட்டும் ஆங்கிலம் என்று இருந்தது. எந்தக் குரலில் படிக்க வேண்டும் என்பதைத் திரைவாசிப்பான் அந்தப் பண்பைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது. பக்கத்தின் மொழியை நிரலில் குறிப்பது மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிகாட்டும், 2008இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 அணுகல் நெறிமுறையில் அடிப்படை நிலையிலேயே வலியுறுத்தப்படுவது. இரண்டே எழுத்துகளை மாற்றும் வேலை அது. அந்த மாணவரோ, உதவித்தொகை விண்ணப்பத்தை முழுக்க நான் படித்துக்காட்ட, தம் குடும்ப வருமானத்தை மற்றவர்கள் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த பதிப்பை வெளியிடுவதற்கு முன் உங்கள் உலாவியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, ஐ.பி. முகவரி வேறு மாநிலத்தைக் காட்டும் ஓர் இணைப்பிலிருந்து, முகப்பு தொடங்கி ரசீது வரை ஒரு வேலையை முடித்துப் பாருங்கள். முடிந்தால் உங்கள் குழுவிலிருந்து ஒருவரை ஒரு நாள் என் கடைக்கு அனுப்புங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் வந்தால் கூட்டம் அதிகம் இருக்கும். காலை ஒன்பது மணிக்குத் திறந்துவிடுவேன். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து ஓர் இணைய சேவைக் கடைக்காரர்