தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கில இலக்கியம் எதற்கு என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன். பிறை தொழிற்பேட்டையில் லோரி ஓட்டுகிறேன். என் மகள் நான்காம் படிவத்தில் படிக்கிறாள். அடுத்த ஆண்டு, மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி, தமிழ் இலக்கியத்தோடு ஆங்கில இலக்கியமும் எழுதப் போகிறாள். இந்த ஆங்கில இலக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பெற்றோர் பலருக்கு இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பிள்ளைகள் 1119 என்று எண்ணைச் சொல்லிப் பேசுகிறார்களே, அது எல்லாரும் எழுத வேண்டிய ஆங்கிலமொழித் தாள். ஆங்கில இலக்கியம் தனிப் பாடம், விரும்புகிறவர்கள் எடுப்பது. 2000ஆம் ஆண்டு முதல் சாதாரண ஆங்கிலப் பாடத்திலேயே கவிதை, சிறுகதை, நாவல் எல்லாம் சேர்த்திருந்தார்கள். எஸ்.பி.எம். தாளிலும் அதிலிருந்து கேள்வி வந்தது. 2021 எஸ்.பி.எம். முதல் தாளின் அமைப்பு மாறி, வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு பகுதிகளாகிவிட்டது. கவிதை, நாவல் கேள்விகள் போய்விட்டன. பேச்சுக்கும் கேட்டலுக்கும் இடம் கொடுத்தது நல்ல விஷயம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தேர்வில் வராத ஒன்றுக்கு வகுப்பில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? போன தவணையில் ஒரு கவிதையை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள் என்று மகள் வந்து சொன்னாள். அப்புறம்தான் தனிப் பாடமாகவே எடுக்கிறேன் என்றாள்.

அவள் பள்ளியில் கேட்டோம். எடுப்பவர்கள் இல்லை, அதனால் வகுப்பும் இல்லை என்றார்கள். சரி, அது புரிகிறது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு இது கொஞ்சம் கனம். 1119-ல் ஏ எடுத்தால் போதுமே" என்றார் அங்கே ஒருவர். நானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குத் தயார்ப்படுத்தும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டுத்தான் முதலாம் படிவம் போனேன். 'உனக்கு இது கனம்' என்ற பேச்சை அப்போதே கேட்டுப் பழகியவன். என் மகளும் அதையே கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில், சொந்தமாகப் படித்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாடத்தைப் பதிவு செய்தோம்.

இப்போது சனிக்கிழமை தோறும் ஃபெர்ரி ஏறி, பினாங்குத் தீவுக் கரையில் பஸ் பிடித்து, புலாவ் தீக்குஸில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையின் வீட்டுக்குப் போகிறாள். மாதக் கட்டணம் 120 வெள்ளி (ரிங்கிட்). அங்கே ஆறு பிள்ளைகள் படிக்கிறார்கள், தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவள் இவள் ஒருத்திதான்.

ஒரு நாள் இரவு ஒரு கவிதையை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தாள். மகன் வெளியூர் போன வீட்டில் ஒரு தாய் பேசுவதாக வரும் கவிதை. அதில் 'கதவு' என்ற சொல் மூன்று முறை வருகிறது. ஏன் மூன்று முறை என்பது கேள்வி. அழுத்தம் கொடுப்பதற்காக என்று எழுதியிருந்தாள், அது போதாது என்று ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். அப்பா இறந்தபோது அம்மா வைத்த ஒப்பாரியில் 'திண்ணை' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. முதலில் அப்பா உட்கார்ந்திருந்த திண்ணை. அப்புறம் யாரும் இல்லாத திண்ணை. கடைசியில் அம்மாவே போய் உட்காரும் திண்ணை. சொல் ஒன்றுதான், ஒவ்வொரு முறையும் அது வேறு திண்ணை. இதைச் சொன்னதும் மகள் கவிதையை மறுபடி வாசித்தாள். முதல் கதவு மகன் திறந்துகொண்டு போனது, இரண்டாவது தாய் சாத்தாமல் வைத்திருப்பது, மூன்றாவது காற்றில் தானாகச் சாத்திக்கொள்வது என்று அவளே கண்டுபிடித்து எழுதினாள். அடுத்த சனிக்கிழமை ஆசிரியை அதை மற்ற பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாராம்.

இதனால்தான் 'கனம்' என்று சொன்னவர் மீது எனக்கு இவ்வளவு வருத்தம். தாலாட்டும் ஒப்பாரியும் தேவாரமும் காதில் விழ வளர்ந்த பிள்ளைக்குக் கவிதை அந்நியமா? ஆங்கிலச் சொல் தெரியாவிட்டால் அகராதி இருக்கிறது. கெடா மாநிலம் பீடோங்கில் 1942-ல் பிறந்த கே. எஸ். மணியம் நம் மக்களின் வாழ்க்கையைத்தான் ஆங்கிலத்தில் எழுதினார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் கற்பித்தார். 2020-ல் காலமானார். அவர் பெயரையே கேள்விப்படாத தமிழ் மாணவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

தமிழை விட்டுவிட்டு ஆங்கில இலக்கியமா என்று சில நண்பர்களும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் நடப்பது வேறு. ஒரே உவமையை இரண்டு மொழியிலும் பார்ப்பதால் அவளுடைய தமிழ் இலக்கியக் கட்டுரையும் செழித்திருக்கிறது. ஆறாம் படிவம் போக ஆசைப்படுகிறாள். அங்கே ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். பாடங்களோடு, அரசாங்கப் பல்கலைக்கழகம் போக மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். பக்கம் பக்கமாக வாசித்துப் பழகியவளுக்கு அந்த வாசிப்புத் தாள் பயம் தராது என்று நம்புகிறேன்.

எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்துக்கும் பல பள்ளிகளில் நேரம் ஒதுக்குவதில்லை. அதை வாரக் கடைசி வகுப்புகளில் காப்பாற்றி வருவது நம் ஆசிரியர்களும் தொண்டர்களும்தான். அதே இடத்தில், அதே பிள்ளைகளுக்கு, ஒரு மணி நேரம் ஆங்கில இலக்கியமும் நடத்தலாமே? பினாங்கில் ஓய்வு பெற்ற, தமிழர்களான ஆங்கில ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த இருவர் காலையில் காப்பிக் கடையில் நாளிதழ் வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் யாராவது நடத்த முன்வந்தால் நாற்காலி மேசை ஏற்றி இறக்குவது என் பொறுப்பு. பாடக் குறிப்புகளை நகல் எடுத்துத் தர மகள் தயாராக இருக்கிறாள்.

அதுவரை, இந்தப் பாடத்தை எடுக்க நினைத்துத் தயங்கும் பிள்ளை இங்கே யாராவது இருந்தால் சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு பட்டர்வொர்த் ஃபெர்ரி துறைக்கு வரட்டும். மகளை ஏற்றிவிட நான் அங்கேதான் நிற்பேன். இரண்டு பேராகப் போகலாம்.

இப்படிக்கு,
ஒரு லோரி ஓட்டுநர்,
பட்டர்வொர்த், பினாங்கு