குசினிக்குக் கீழே போகும் குழாய்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவில் எல்லோரும் புதுக் குசினியைப் பார்த்தார்கள். நான் குசினிக்குக் கீழே இருக்கிற அந்தத் தவழ்ந்து போகும் இடத்தைத்தான் மூன்று தரம் பார்த்தேன். மண் தரை, வடக்குச் சுவர், அதை ஒட்டித் தண்ணீர்க் குழாய். இங்கே ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோ குளிர் வேறு, வடக்கே உன் சட்பரி குளிர் வேறு பிள்ளை. அங்கே சில இரவுகளில் சைபருக்குக் கீழே 30 பாகை. அந்தக் குழாய் உறைந்துவிடும் என்பதுதான் என் பயம்.

தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் ஊதும். ஆனால் குழாய் வெடிப்பது பெரும்பாலும் பனிக்கட்டி பிடித்த இடத்தில் இல்லை. கட்டிக்கும் மூடியிருக்கும் திருகு பைப்புக்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீர் நெருக்குப்பட்டு, எங்காவது குழாயின் ஒரு இணைப்பைப் பிளந்துவிடும். கடுங்குளிர் இரவில் பைப்பை மெல்லியதாக ஓட விடச் சொல்வது இதற்குத்தான்.

சரி, ஹீட்டிங் கேபிள். குழாயோடு ஒட்டிக் கட்டி, அது உறையாமல் சூடாக வைத்திருக்கும் கரண்ட் வயர். இரண்டு வகை உண்டு. ஒன்று குளிர் கூடினால் தானே சூட்டைக் கூட்டி, வெப்பம் ஏறினால் குறைத்துக்கொள்ளும். மற்றது எப்போதும் ஒரே அளவு சூடு. குளிரை அறியும் தெர்மோஸ்டாட்தான் அதைப் போட்டு நிறுத்தும். இந்த இரண்டாவதை வெட்டக் கூடாது. நீளம் மிஞ்சிவிட்டது என்று அதன்மேலேயே அதைச் சுற்றவும் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடம் கொதித்து, உறை உருகி, நெருப்புப் பிடிக்கும். குழாயை அளந்துவிட்டுக் கடைக்குப் போ. உன்னுடையது பிளாஸ்டிக் குழாய் போலத் தெரிகிறது, அதற்கு ஆகுமா என்று பெட்டியில் பார். சிஎஸ்ஏ என்ற கனடாப் பாதுகாப்பு முத்திரை இல்லாததைத் தொடாதே. டெஸ்ட், ரீசெட் பொத்தான் இருக்கும் சுவர்ப் பிளக்கில்தான் கேபிளைக் கொழுவ வேண்டும்.

இன்னொன்று. பழைய வீட்டில் குழாய் உறைந்த கதை உனக்குத் தெரியும். அம்மா கிறிஸ்மஸ் விளக்குக்காகக் கேபிளின் பிளக்கைக் கழற்றிவிட்டா என்று இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். கழற்றியது நான்தான். காரைக் கூட்ட வாக்குவம் போட்டேன், திரும்பக் கொழுவ மறந்துவிட்டேன். விடிய ஐந்து மணிக்குத் தலைமயிர் உலர்த்தும் மெஷினோடு குழாய்க்கு முன்னால் குந்தியிருந்த என்னைப் பார்த்து அந்த மனுசி ஒரு வார்த்தை பேசவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விட்டா.

அதனால் அந்தப் பிளக்கின்மேல் ஒரு சிவப்பு டேப் ஒட்டு. ஒக்டோபரிலேயே ஒருக்கால் சோதித்துப் பார்: தெர்மோஸ்டாட்டின்மேல் ஐஸ் பையை வைத்தால் கொஞ்ச நேரத்தில் கேபிள் கைக்கு இளஞ்சூடாகத் தெரிய வேண்டும்.

கரண்ட் நின்றால் கேபிளும் வெறும் கயிறுதான். 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோ நாள்கணக்கில் இருண்டு கிடந்தது நினைவிருக்கும். அப்படி வந்தால் மெயின் வால்வைப் பூட்டி, எல்லாப் பைப்பையும் திறந்து தண்ணீரை வடித்துவிடு. வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பார்.

கேபிள் வாங்கினால் பெட்டியைப் பிரிக்காமல் வை. அடுத்த சனிக்கிழமை பஸ் எடுத்து வருகிறேன். தவழ என் முழங்கால் விடாது, நீ உள்ளே போ, நான் வாசலில் இருந்து டோர்ச் அடிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா